பழைய ஹாலிவுட் நடனப் படங்கள்: இன்னும் ஏன் நம்மைக் கட்டிப்போடுகின்றன?

ஒரு டான்ஸ் வீடியோ எடுக்கணும்னா முதல்ல என்ன செய்வீங்க?

கைத்தொலைபேசியைக் கொஞ்சம் தள்ளி வைப்பீங்க. தலை முதல் பாதம் வரை திரைக்குள் வருதான்னு பார்ப்பீங்க. பிறகு பாட்டைப் போட்டுவிட்டு, நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஆடுவீங்க.

முழு உருவம் தெரிய வேண்டும், நடுவில் வெட்டக்கூடாது. இந்த இரண்டையும் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பே ஹாலிவுட்டில் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியவர் பிரெட் அஸ்டேர்.

அவர் காலத்துப் படங்கள் இன்றும் ஏன் ரசிக்கப்படுகின்றன? அந்த ஆட்டத்துக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்தது? திரையில் இருந்து யாரெல்லாம் வெட்டப்பட்டார்கள்?

பார்க்கலாம்.

மியூசிக்கல் என்றால் என்ன?

கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாட ஆரம்பிப்பார்கள். பாட்டு நடனமாக மாறும். கதையும் அதோடு சேர்ந்து நகரும். இப்படிப்பட்ட படங்களையே 'மியூசிக்கல்' என்கிறோம்.

1927இல் 'தி ஜாஸ் சிங்கர்' படம் வந்தது. நடிகர் பாடுவதைத் திரையரங்கில் கேட்க முடிந்ததும் ரசிகர்கள் அசந்து போனார்கள். இரண்டே ஆண்டில் 'தி பிராட்வே மெலடி' வெளியானது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதை வென்ற முதல் பேசும் படம் அதுதான்.

அப்போது அமெரிக்காவைப் பெரும் பொருளியல் மந்தநிலை ஆட்டிப் படைத்தது. 1933இல் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அத்தகைய நேரத்தில் பளபளக்கும் மேடையும் சிரித்த முகங்களும் மக்களுக்குத் தேவைப்பட்டன. ஒன்றரை மணி நேரம் கவலையை மறக்கலாம் அல்லவா?

1930களில் தொடங்கி 1950கள் வரை நீடித்த காலத்தை மியூசிக்கல் படங்களின் பொற்காலம் என்கிறார்கள்.

கேமரா ஆடணுமா, ஆள் ஆடணுமா?

தொடக்கத்தில் இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி பஸ்பி பெர்க்லியுடையது. 1933இல் வந்த '42ஆவது தெரு' போன்ற படங்களுக்கு நடனம் அமைத்தவர் அவர். கேமராவை உச்சியில் வைத்துக் கீழே பார்ப்பார். பல பெண்கள் ஒன்றாக அசைய, அது பூ விரிவது போலத் தெரியும். கலைடாஸ்கோப் பார்த்திருந்தால் உங்களுக்கு உடனே புரியும். பிரமாண்டம்தான். ஆனால் அதில் தனி ஒருவர் எப்படி ஆடுகிறார் என்பது தெரியாது.

இரண்டாவது வழி அஸ்டேருடையது. ஒன்று கேமரா ஆடட்டும், இல்லையென்றால் நான் ஆடுகிறேன் என்பது அவர் நிலைப்பாடு. ஆடும்போது பாதத்தை மட்டும் காட்டாதீர்கள், முகத்தை மட்டும் காட்டாதீர்கள், நடுவில் கைதட்டும் கூட்டத்தைக் காட்டாதீர்கள் என்றார். முழு உருவம் தெரிய வேண்டும். முடிந்தவரை 'கட்' இருக்கக்கூடாது.

காரணம் எளிது. 'கட்' வந்தால் பார்ப்பவருக்குச் சந்தேகமும் வரும். உண்மையிலேயே இவர்தான் ஆடினாரா? பத்துத் துண்டுகளை ஒட்டினார்களா? 'கட்' இல்லாவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நீங்கள் பார்ப்பது ஒரு மனிதரின் உடல், அந்த நொடியில் செய்த வேலை.

பழைய மியூசிக்கல் படங்களின் ஈர்ப்புக்கு இதுவே முக்கியக் காரணம். கணினி வரைகலை இல்லை. தவறினால் மறைக்க வழியும் இல்லை.

சும்மா ஆடுவது போலத்தான் தெரியும்…

அஸ்டேரும் ஜிஞ்சர் ராஜர்ஸும் 1933 முதல் 1949 வரை 10 படங்களில் சேர்ந்து நடித்தார்கள். இருவரும் ஆடினால் காற்றில் மிதப்பது போல இருக்கும். ஆனால் அது அவ்வளவு ஈசி இல்லை.

'ஸ்விங் டைம்' (1936) படத்தின் உச்சக்கட்ட நடனத்துக்கு 47 டேக் ஆனதாகச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் படிக்கட்டில் ஏறி, சுழன்று, ஆடி முடிக்க வேண்டும். அன்று ராஜர்ஸின் காலணிக்குள் ரத்தம் கசிந்தது. படத்தில் அது கொஞ்சமும் தெரியாது.

அதற்கு முந்திய ஆண்டு வந்த 'டாப் ஹாட்' படத்தில் ராஜர்ஸ் தீக்கோழி இறகுகள் தைத்த உடையில் ஆடினார். இறகுகள் உதிர்ந்து அஸ்டேரின் முகத்தில் பறந்ததால் அவருக்குச் செம எரிச்சல்! பிறகு சமாதானமாகி, 'இறகுகள்' என்பதையே ராஜர்ஸுக்குச் செல்லப்பெயராக வைத்துவிட்டார்.

அஸ்டேர் செய்ததை எல்லாம் ராஜர்ஸும் செய்தார், அதுவும் பின்னோக்கி, குதிகால் உயர்ந்த காலணியில் என்று ஒரு பேச்சு உண்டு. 1982இல் ஒரு கேலிச்சித்திரத்தில் வந்து பிரபலமான கருத்து அது. நகைச்சுவைதான், ஆனால் பாராட்டு பெரும்பாலும் யாருக்குப் போனது என்பதையும் அது சுட்டுகிறது.

மழையில் ஆடியவர்

அஸ்டேர் கோட்டு, தொப்பி, பளபள காலணி என்று வருவார். ஜீன் கெல்லி அதற்கு நேரெதிர். சாதாரணச் சட்டை, கால்சட்டை, விளையாட்டு வீரரைப் போன்ற உடல். தெருவில் போகும் யாரும் ஆடலாம் என்ற உணர்வைக் கொண்டுவந்தவர் அவர்.

'சிங்கின் இன் த ரெயின்' (1952) படத்தில் குடையை மடக்கிவிட்டு அவர் மழையில் ஆடும் காட்சியை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. அந்தக் காட்சியைப் படமாக்கியபோது அவருக்குக் கடும் காய்ச்சல். ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ்!

மழை நன்றாகத் தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது. அது உண்மையில்லை. மழைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடித்தார்கள். அதனால்தான் ஒவ்வொரு துளியும் மின்னியது.

அதே படத்தில் நடித்த டெபி ரெனால்ட்ஸுக்கு அப்போது 19 வயது. ஜிம்னாஸ்டிக்ஸ் தெரியும், நடனம் தெரியாது. கெல்லியோ மிகவும் கண்டிப்பானவர். ஒருநாள் பியானோவுக்கு அடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்ததாகவும், அங்கு வந்த அஸ்டேர் தம் ஒத்திகையைப் பார்க்க அழைத்ததாகவும் ரெனால்ட்ஸ் பின்னாளில் கூறினார். அஸ்டேருக்கே எவ்வளவு வியர்க்கிறது என்பதை அவர் அன்று நேரில் கண்டார்.

இவ்வளவு உழைத்தும் அந்தப் படத்துக்கு ஓர் ஆஸ்கர்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் 2006இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் வெளியிட்ட சிறந்த மியூசிக்கல் படங்களின் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான்.

அப்படியென்றால் எல்லாமே நிஜமா?

உடல் நிஜம். ஒலி அப்படியில்லை.

பாட்டை முதலிலேயே பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்கள் ஆடுவார்கள். டேப் டான்ஸ் காலணியின் அடியில் உலோகத் தகடு இருக்கும். அந்தச் சத்தத்தைப் பெரும்பாலும் படப்பிடிப்பு முடிந்த பிறகு, திரையைப் பார்த்துக்கொண்டே மறுபடி ஆடிப் பதிவு செய்வார்கள். ராஜர்ஸின் காலணிச் சத்தம் பல இடங்களில் உண்மையில் நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பேனுடையது!

இன்னொரு வேடிக்கை. 'சிங்கின் இன் த ரெயின்' கதையே இரவல் குரல் பற்றியதுதான். பெரிய நட்சத்திரத்துக்காக ஓர் இளம்பெண் மறைவில் பாடுவார். கடைசியில் திரை விலகி உண்மை வெளிவரும். அந்த இளம்பெண்ணாக நடித்தவர் ரெனால்ட்ஸ். ஆனால் அவருக்காக ஒரு பாட்டைப் பாடிக்கொடுத்தவர் பெட்டி நோய்ஸ் எனும் பாடகி. கதையில் உண்மைக் குரலுக்கு நீதி கிடைத்தது. படத்தின் பெயர்ப் பட்டியலில் நோய்ஸின் பெயர் இல்லை.

வெட்டப்பட்டவர்கள்

டேப் டான்ஸின் வேர் எங்கே இருக்கிறது? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் தாளமும் அயர்லந்துக் குடியேறிகளின் ஆட்டமும் அமெரிக்காவில் கலந்து பிறந்தது அது. கறுப்பினக் கலைஞர்கள்தான் அதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள். ஆனால் ஹாலிவுட் அவர்களுக்குக் கதாநாயக வேடம் தருவது அபூர்வம்.

1935இல் 'தி லிட்டில் கர்னல்' படத்தில் பில் ராபின்சன் எனும் கறுப்பினக் கலைஞர், 6 வயதுச் சிறுமி ஷெர்லி டெம்பிளுடன் படிக்கட்டில் ஆடினார். சின்னப் பிள்ளையுடன் கைகோத்து ஆடிய அந்தக் காட்சியைக்கூட, இனப் பிரிவினை சட்டமாக இருந்த தென் மாநிலங்களில் வெட்டிவிட்டுத்தான் திரையிட்டார்கள்.

அடுத்த ஆண்டு 'ஸ்விங் டைம்' படத்தில் அதே ராபின்சனுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி, அஸ்டேர் முகத்தில் கறுப்புச் சாயம் பூசி ஆடினார். இன்று பார்க்கும்போது அந்தக் காட்சி உறுத்தும். உறுத்துவதில் தவறில்லை.

பாடகி லீனா ஹார்னின் நிலையும் அப்படித்தான். எம்ஜிஎம் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஆனால் பல படங்களில் அவருக்குக் கதையோடு ஒட்டாத தனிப் பாட்டு மட்டுமே. ஏன் தெரியுமா? தென் மாநிலத் திரையரங்குகள் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டாலும் கதை குழம்பாது!

ஃபேயார்ட், ஹேரல்ட் என்ற நிக்கலஸ் சகோதரர்களின் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தில் இருவரும் பெரிய படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதிப்பார்கள். கால்கள் இரண்டும் அகல விரிய அடுத்த படியில் விழுவார்கள். கையை ஊன்றாமலே எழுவார்கள். முறையான நடனப் பயிற்சி பெறாதவர்கள் அவர்கள். அந்தப் படத்தின் முக்கிய நடிகர்கள் அனைவருமே கறுப்பினத்தவர். அதனால் அங்கே வெட்டுவதற்கு வழியில்லை.

1948இல் 'தி பைரட்' படத்தில் கெல்லி அவர்களைச் சேர்த்துக்கொண்டு சமமாக ஆடினார். தென் மாநிலத் திரையரங்குகள் சில அந்த நடனத்தை நீக்கின.

ஆட்டத்தின் நடுவே 'கட்' கூடாது என்று அஸ்டேரால் கேட்க முடிந்தது. நிக்கலஸ் சகோதரர்களும் அதே முழு உருவத்தில்தான் ஆடினார்கள். ஆனால் அந்த ஆட்டம் ரசிகர்களிடம் போய்ச் சேருமா என்பதை முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் இல்லை.

ஏன் இந்தப் படங்கள் குறைந்தன?

மூன்று முக்கியக் காரணங்கள்:

• ஸ்டூடியோக்கள் திரையரங்குகளைச் சொந்தமாக வைத்திருக்கும் முறைக்கு எதிராக 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிச்சயமான வருமானம் போனது. ஆடுநர்கள், இசைக்குழு, நடன அமைப்பாளர்கள் எல்லாரையும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொள்வது கடினமானது.

• தொலைக்காட்சி வீட்டுக்கே வந்துவிட்டது.

• ராக் இசை வந்ததும் இளையர்களின் ரசனை மாறியது.

1965இல் 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' அபார வெற்றி பெற்றது. அதைப் பார்த்து ஸ்டூடியோக்கள் பெரும் பணத்தைக் கொட்டின. 'டாக்டர் டூலிட்டில்' (1967), 'ஸ்டார்!' (1968) போன்ற படங்கள் கையைச் சுட்டன.

இன்று அது எங்கே தெரிகிறது?

மைக்கல் ஜாக்சனின் 'ஸ்மூத் கிரிமினல்' காணொளியில் வெள்ளை கோட்டும் தொப்பியும் நினைவிருக்கா? அஸ்டேரின் 'தி பேண்ட் வேகன்' (1953) படத்தின் சாயல் அது. 1988இல் வெளியான தம் சுயசரிதையை ஜாக்சன் அஸ்டேருக்கே சமர்ப்பித்தார்.

'ராயல் வெட்டிங்' (1951) படத்தில் அஸ்டேர் சுவரிலும் கூரையிலும் ஆடுவார். அறை முழுவதையும் சுழலும் உருளைக்குள் கட்டி, கேமராவையும் அதோடு சேர்த்துச் சுழற்றினார்கள். 'இன்செப்ஷன்' (2010) படத்தின் ஹோட்டல் நடைவழிச் சண்டைக்கும் சுழலும் அரங்கைத்தான் பயன்படுத்தினார்கள்.

'லா லா லேண்ட்' (2016) படத்தில் மாலை வெளிச்சத்தில் இருவரும் மலையோரச் சாலையில் ஆடும் காட்சி, சுமார் 6 நிமிடம், ஒரே ஷாட். ஆட்டத்தில் அஸ்டேரின் நேர்த்தி இல்லைதான். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை அல்லவா? 'கட்' இல்லாததன் பலன் அது.

எதிலிருந்து தொடங்கலாம்?

• 'சிங்கின் இன் த ரெயின்' (1952): முதல் படமாகப் பார்க்க ஏற்றது. சிரிப்புக்கும் குறைவில்லை.

• 'டாப் ஹாட்' (1935): அஸ்டேர், ராஜர்ஸ் ஜோடிக்காக. பறக்கும் இறகுகளையும் கவனிங்க.

• 'ஸ்டார்மி வெதர்' (1943): நிக்கலஸ் சகோதரர்களின் படிக்கட்டு நடனத்துக்காக.

• 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951): கடைசியில் சுமார் 17 நிமிடம் வசனமே இல்லாத நடனம்.

பார்க்கும்போது ஒரு சின்ன வேலை செய்து பாருங்க. நடனம் தொடங்கியதும் எத்தனை 'கட்' வருகிறது என்று எண்ணுங்க. இப்போது வரும் பாடல் காணொளி எதையாவது போட்டு அதையும் எண்ணுங்க.

வித்தியாசம் உடனே தெரியும். படத்தின் பெயர்ப் பட்டியலையும் ஒருமுறை பாருங்க. நீங்க ரசித்த ஆட்டத்தையும் குரலையும் தந்த எல்லாருடைய பெயரும் அதில் இருக்காது.