கம்பி ஒன்று, கட்டணம் இரண்டு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஓசூரைக் கடந்து, ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடக எல்லை. அடுத்த ஊர் அத்திப்பள்ளி. எல்லைக்கு இப்பால் ஒரு லேத் பட்டறை, அப்பால் ஒரு லேத் பட்டறை. இரண்டுக்கும் வருவது ஒரே மின் தொகுப்பிலிருந்து, வினாடிக்கு 50 சுற்று வீதம் மாறும் ஒரே மின்னோட்டந்தான். ஆனால் யூனிட்டின் விலையைக் குறிப்பது இங்கே சென்னையிலுள்ள ஓர் ஆணையம். அங்கே பெங்களூரிலுள்ள வேறோர் ஆணையம். இந்த ஏற்பாடு நம் நாட்டில் முளைத்ததன்று. பல நாடுகள் பட்டறிந்து, ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றுக்கொண்டது. அந்தக் கதையைக் காண்போமா?

இந்தப் பகுதிக்கு மின்சாரம் வந்த வரலாறே பல நாடுகளின் கூட்டுக் கைவண்ணம் எனலாம். ஓசூருக்கு வடகிழக்கே உள்ள கோலார் தங்கச் சுரங்கங்கள் ஆழமாக ஆக, நீராவி இயந்திரங்களுக்கு எரிபொருள் கட்டுப்படியாகவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டம் மைசூர் சமஸ்தானத்தில் எழுந்தது. கனடாவில் பிறந்த பொறியாளர் ஜோலி டி லாட்பினியேர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, அங்கிருந்த புனல் மின்நிலையங்களைப் பார்த்து வந்தார். மின்னியற்றிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியுடையவை. நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸ் செய்தவை. 1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், 92 மைல் தொலைவு கம்பி வழியே சென்று கோலாரை அடைந்தது மின்சாரம். அந்நாளில் உலகின் மிக நீண்ட மின் தடங்களுள் அதுவும் ஒன்று. திட்டத்துக்கு உயிர் கொடுத்த திவான் சேஷாத்திரி ஐயர் அதைக் காணவில்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

கட்டணம்? சமஸ்தானமும் சுரங்கக் கம்பெனிகளும் நேருக்கு நேர் பேசி, குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. வாங்குபவரும் பெரியவர், விற்பவரும் பெரியவர், நடுவர் தேவைப்படவில்லை. வீட்டில் நாலு விளக்கு எரிப்பவர் இப்படிப் பேரம் பேச முடியுமா? ஒரு தெருவில் இரண்டு கம்பெனிகள் தனித்தனியே கம்பி இழுப்பது வீண் செலவு. ஆகவே விற்பவர் ஒருவரே இருப்பார். அவர் கேட்டதுதான் விலை!

இந்தச் சிக்கலை அமெரிக்கர் முன்பே சந்தித்திருந்தனர். சிகாகோ நகரின் தானியக் கிடங்குகள் சிலர் கையில் சிக்கியிருக்க, இல்லினாய் மாநில அரசு கட்டணத்துக்கு உச்சவரம்பு விதித்தது. பொதுநலன் சார்ந்த தொழில் என்றால், தனியார் சொத்தாயினும் அரசு அதன் விலையை முறைப்படுத்தலாம் என 1877இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1907இல் நியூயார்க், விஸ்கான்சின் மாநிலங்கள் மின்கட்டணத்துக்கென ஆணையங்கள் அமைத்தன. செலவைத் தணிக்கை செய்து, அதன்மேல் நியாயமான லாபம் சேர்த்து விலை குறிப்பது அவற்றின் முறை. செலவு கூடினால் விலையும் கூடும். சிக்கனமாயிருக்க யாருக்கு அக்கறை வரும்? இங்கிலாந்தில் ஸ்டீபன் லிட்டில்சைல்டு என்ற பொருளியலறிஞர் 1983இல் மாற்று வழி சொன்னார். நாட்டில் விலைவாசி 8 விழுக்காடு ஏறினால், கம்பெனி 5 விழுக்காடுதான் ஏற்றலாம். மீதி 3 விழுக்காட்டைத் திறமையால் ஈடுகட்டட்டும். முதலில் தொலைபேசிக்கு வந்த இம்முறை பின்பு மின்சாரத்துக்கும் பரவியது.

நாமோ வேறு வழியில் போனோம். பிரிட்டனின் 1926ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவி 1948இல் ஒரு சட்டம் செய்தோம். அதன்படி 1957இல் தமிழ்நாட்டில் மின்வாரியம் பிறந்தது. தானே உற்பத்தி செய்து, தானே விற்று, விலையையும் தானே குறித்தது. (பின்னாலிருந்து குறித்தது அரசு என்பது வேறு விஷயம்.) கிராமங்களுக்குக் கம்பி போனது இக்காலத்தில்தான், அதை மறப்பது நன்றன்று.

மாற்றம் ஒடிசாவில் தொடங்கியது. அங்கு 1996இல் இந்தியாவின் முதல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 1998இல் மத்தியச் சட்டம் வந்தது. 1999இல் தமிழ்நாடும் கர்நாடகமும் ஆணையங்கள் கண்டன. அதே ஆண்டு உலக வங்கியின் துணையோடு தெற்காசிய நாடுகளின் ஒழுங்குமுறையாளர்கள் தம் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு மன்றம் உருவாயிற்று. இலங்கை 2002இல் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் இயற்றியது.

ஒடிசாவிலிருந்து நமக்கு மின்சாரமும் வந்தது! தால்சேர் அனல்மின் நிலையத்திலிருந்து கோலாருக்கு 2003இல் நேர்மின்னோட்டத் தடம் அமைந்தது. திறன் 2,000 மெகாவாட். கோலாரிலிருந்து ஓசூருக்கு 400 கிலோவோல்ட் தடம். நேர்மின்னோட்டம் ஏன்? அப்போது தென்னிந்தியத் தொகுப்பின் அதிர்வெண் வேறு, கிழக்கின் அதிர்வெண் வேறு. மாறுமின்னோட்டத்தில் நேரடியாக இணைத்தால் இரண்டும் இடறும். தேவை மிகுந்தால் மின்னியற்றிகள் தளர்ந்து அதிர்வெண் 50க்குக் கீழே இறங்கும். 2003 ஜனவரி முதல் தென்மாநிலங்களில், ஒதுக்கீட்டுக்கு மேல் இழுக்கும் மின்சாரத்தின் விலை அந்த அதிர்வெண்ணையொட்டி ஏறி இறங்கியது. இயற்பியல் அளவொன்றே விலைப்பட்டியலானது விந்தையல்லவா?

இத்தனை கற்றும் ஒரு கோட்டை விட்டோம். தமிழ்நாட்டு ஆணையம் 2003இல் கட்டண ஆணை பிறப்பித்தது, அடுத்தது 2010இல். இடையே ஏழாண்டுகள் கட்டணம் அசையவில்லை, வாரியத்தின் கடன் ஏறியது. 2008 நவம்பரில் உயர் அழுத்த ஆலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு வந்தது. ஓசூர்ப் பட்டறைகளில் டீசல் எஞ்சின்கள் முழங்கின. அந்த யூனிட்டின் விலையை எந்த ஆணையமும் குறிக்கவில்லை! வாரியங்கள் மனுப் போடாவிட்டால் ஆணையம் தானாகவே முன்வர வேண்டும் என மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரில் ஆணையிட்டது. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே தென்னகத் தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது.

கட்டண மனுவைச் செய்தித்தாளில் வெளியிட்டு, மக்களின் ஆட்சேபங்களையும் கருதியே ஆணையிட வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். ஜூஜூவாடிப் பட்டறைக்காரர் ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சென்னைக்கு அனுப்பலாம். அத்திப்பள்ளிக்காரர் பெங்களூருக்கு அனுப்பலாம்.