கைப்பிடி அரிசியும் கணக்குப் பாடமும்

உலை கொதிக்கிறது. அரிசியைக் களையுமுன், அதில் ஒரு பிடி அள்ளித் தனிக்கலயத்தில் போடுகிறாள் தாய். கோவில் உண்டிக்காகவா? இல்லை. காசிக்குப் போகும் சாமியாருக்காகவா? அதுவும் இல்லை. ஊரார் கூடி நடத்தும் பள்ளிக்கூடத்துக்காக! பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் காலத்தில், விருதுநகர் வீடுகளில் நடந்த நிகழ்ச்சி இது.

வீடுதோறும் சேர்ந்த பிடியரிசியும், வணிகர்கள் தத்தம் வாணிபத்திலிருந்து வழங்கிய மகமைப் பணமும் ஒன்றுகூடி, 1880-களில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலை எனும் பள்ளியை வளர்த்தன. பெயரில் வருணத்தின் வாடை உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் கலயத்தில் சேர்ந்த அரிசியில் அந்த வாடை இல்லை. 1903-இல் பிறந்து, பின்னாளில் இந்நாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியையும் பகலுணவையும் வழங்கிய காமராசர், சிறுவனாக இருந்தபோது பயின்ற பள்ளி அது.

அரிசி அள்ளிப் போட்ட அம்மக்கள் அப்போது எந்நிலையில் இருந்தனர்? 1897-இல் கமுதிக் கோவிலுக்குள் நுழைந்தமைக்காக நாடார் மக்கள் நீதிமன்றத்திற்கு இழுக்கப்பட்டனர். மதுரையில் தொடங்கிய வழக்கு, இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. இடையில் 1899-இல் சிவகாசியில் பெருங்கலவரம், வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. ஆண்டவன் இருப்பதாகச் சொல்லப்பட்ட இடத்தின் கதவு அவர்கள் முகத்தில் அறையப்பட்டது. அறிவு இருக்கும் இடத்தின் கதவை அவர்களே திறந்துகொண்டனர். கோவில் வழக்கில் கொட்டிய பணம் கரைந்து போயிற்று. பள்ளிக் கலயத்தில் இட்ட அரிசியோ, தலைமுறை தலைமுறையாக விளைந்துகொண்டிருக்கிறது.

இந்தப் பழைய செய்தியை இன்று எடுத்துரைக்கக் காரணம் உண்டு.

என்னிடம் பள்ளியில் பயின்ற மாணவி ஒருத்தி. சிவகாசிக்கு அருகில் ஒரு சிற்றூர். தாய் பட்டாசு ஆலைத் தொழிலாளி. தமிழ்வழியில் படித்து, மேல்நிலைத் தேர்வில் கணக்கில் நல்ல மதிப்பெண் பெற்று, கணிதப் பட்ட வகுப்பில் சேர்ந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் அவளே. முதற்பருவத் தேர்வில் இரு தாள்களில் தோற்றாள். அவள் படிக்குமிடத்தில், அறிவியல், கணித மாணவர்க்கெனத் துணைப்பயிற்சித் திட்டம் ஒன்று நடைபெறுகிறது. மாலையில் ஒரு மணி நேரம், மூத்த மாணவர் துணையோடு, சிறு குழுவாக அமர்ந்து கணக்குப் போடலாம், ஐயம் கேட்கலாம், கட்டணம் இல்லை, பெயர் கொடுத்தால் போதும். அவள் பெயர் கொடுக்கவில்லை. ஏனென்று கேட்டேன்.

"அது மக்குப் பிள்ளைங்களுக்கு நடத்துற கிளாஸ், சார். நான் போனா, இவளுக்குக் கணக்கு வராதுன்னு எல்லாரும் முடிவு கட்டிருவாங்க" என்றாள். படிப்பை நிறுத்திவிட்டு அம்மாவோடு ஆலைக்கே போய்விடலாமா என்று எண்ணுவதாகவும் சொன்னாள்.

நான் வரலாறு படித்தவன், உயர்கணிதம் அறியேன். ஆகவே அவளுக்குக் கணக்குச் சொல்லித்தர என்னால் இயலவில்லை. எனக்குத் தெரிந்த வரலாற்றைச் சொன்னேன். அதையே, தோழர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்.

உதவி பெற்றுப் படிப்பது இழிவு என்றால், இந்நாட்டில் முதன்முதலில் இழிவுற்றோர் யார்? விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு பேசுகிறது. அங்கே நடந்த கல்லூரியில் 340 மாணவர். அவருள் 270 பேர் இளையோர், 70 பேர் மூத்தோர். ஆசிரியர் 14 பேர். மாணவர்க்கு நாள்தோறும் நெல் அளக்கப்பட்டது. அதற்கென நிலம் ஒதுக்கப்பட்டது. திருபுவனையில் இதேபோன்ற மற்றொரு கல்லூரி. 260 மாணவர், 12 ஆசிரியர். பாடங்கள் யாவை? வேதம், வடமொழி இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம். படித்தோர் யார்? வேதம் ஓதும் உரிமை எவர்க்கு மட்டும் உண்டென்று சாத்திரம் சொல்லிற்றோ, அவர்களே. உழுதவன் விளைத்த நெல், ஓதியவன் வயிற்றை நிரப்பியது. உழுதவன் மகனோ ஏர்பிடித்தபடி நின்றான்.

சோறு, இருப்பிடம், ஆசிரியர், உடன் பயிலும் தோழர் குழு ஆகிய அனைத்தும் அரசின் செலவில் அம்மாணவர்க்குக் கிடைத்தன. அவர்களை மக்குகள் என்று எவரேனும் இகழ்ந்தனரா? இல்லை, வித்தகர் என்று வணங்கினர். அவர்கள் பெற்றபோது அதன் பெயர் தருமம். நம் வீட்டுப் பிள்ளை பெறும்போது அதன் பெயர் சலுகை! பெயர் மாறியதற்குக் காரணம் பொருளா, பெறுவோர் பிறப்பா என்பதை எண்ணிப் பாருங்கள்.

பழங்காலம் போகட்டும்; அறிவியல் காலத்துக்கு வருவோம். கணித மேதை இராமானுசன் 1887-இல் ஈரோட்டில் பிறந்தார். குடந்தை அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு 1904-இல் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தமையால் ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை பறிபோயிற்று, படிப்பும் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை. உலகமே வியந்த அறிவு, வேலை தேடி வீடு வீடாக அலைந்தது.

அவரைக் காப்பாற்றியது எது? நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் உரைத்தாள் என்பர் பக்தர்கள். கனவில் சூத்திரம் வந்ததோ என்னவோ, கஞ்சி வரவில்லை! கஞ்சிக்கு வழி செய்தவர்கள் மனிதர்கள். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் நிறுவிய இராமசாமி ஐயரை அவர் கண்டார். சேசு ஐயரின் அறிமுகம் கிடைத்தது. நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை வாய்த்தது. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913-இல் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்து எழுதினார். பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அவ்வாண்டு மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவி வழங்கிற்று. 1914-இல் அவர் கேம்பிரிட்சுக்குக் கப்பலேறினார்.

இராமானுசன் அறிவை நாம் குறைத்துப் பேசவில்லை, போற்றுகிறோம். ஆனால் அத்துணைப் பேரறிவுக்கும் ஒரு சங்கிலி தேவைப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் கை மற்றவர் கையைப் பற்ற, அக்கை இன்னொருவரிடம் கொண்டு சேர்க்க, இறுதியில் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. ஏழையாயினும் அவருக்கு அந்தச் சங்கிலியின் முதற்கண்ணி எட்டும் தூரத்தில் இருந்தது. பட்டாசுக் குழாய் உருட்டும் தாய்க்கு எந்தப் பேராசிரியரைத் தெரியும்? அவள் மகள் யாருடைய அறிமுகக் கடிதத்தோடு போவாள்?

துணைப்பயிற்சித் திட்டத்தின் பொருள் இதுதான். சிலர்க்குத் தெரிந்தவர் வழியாகவும், சிலர்க்கு வீட்டுக் கூடத்திலேயே அப்பன் வாயிலாகவும், அண்ணன் வாயிலாகவும் ஓசையின்றிக் கிடைத்துவந்த துணையை, எவரையும் தெரியாத பிள்ளைக்கும் வெளிப்படையாகக் கிடைக்கச் செய்வது. தனிச்சொத்தாக இருந்த சங்கிலியைப் பொதுச்சொத்தாக்குவது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கடல் கடந்த நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. அமெரிக்காவில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், 1970-களில், முதலாண்டு நுண்கணிதத்தில் கறுப்பின மாணவர் பெருந்தொகையினர் தேறாமல் போயினர். ஊக்கம் இல்லை என்றனர் சிலர். வறுமை என்றனர் சிலர். பெற்றோர் கல்வியை மதிப்பதில்லை என்றனர் சிலர். நம் ஊரில் நாம் கேட்கும் அதே பேச்சு! யூரி டிரைஸ்மன் என்ற இளைஞர், பேச்சை நம்பாமல் நேரே சென்று பார்த்தார். கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன மாணவர் இருபது பேரையும் மாதக்கணக்கில் பின்தொடர்ந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார். ஊக்கம் இருந்தது; உழைப்பு இருந்தது; பெற்றோர் ஆவலும் இருந்தது. வேறுபாடு ஒன்றே: சீன மாணவர் கூடிப் படித்தனர், ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். கறுப்பின மாணவரோ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தனியே போராடினர். தாம் செய்யும் தவறு எதுவென்றே அறியாமல் தோற்றனர்.

அதைக் கண்ட டிரைஸ்மன், தோற்றவர்க்கான மறுபாட வகுப்பைத் தொடங்கவில்லை. சிறந்த மாணவர்க்கான பயிலரங்கு என்று பெயரிட்டு, எளிய கணக்கை விடுத்துக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, குழுவாக அமரச் செய்தார். அதில் சேர்ந்த கறுப்பின மாணவர், மற்ற இனத்து மாணவர்க்கு ஈடாகவும், பல வேளைகளில் மேலாகவும் தேறினர். மாணவரின் மூளை மாறவில்லை. உட்கார்ந்த முறைதான் மாறிற்று!

என் மாணவியிடம் கேட்டேன்: "விடுதியில் யாரோடு படிக்கிறாய்?" "தனியாத்தான், சார்" என்றாள். பள்ளியில் 'தொகையிடல்' என்று அவள் கற்றதைக் கல்லூரியில் 'இன்டகிரேஷன்' என்றபோது, அது தனக்குத் தெரிந்த பொருளே என்று அறியவே அவளுக்குப் பல நாள்கள் ஆயின. அவளுக்குத் தெரியாதது கணக்கு அல்ல. கணக்கு உடுத்தியிருந்த புதுச் சட்டை. அதை ஒரு மாலைப்பொழுதில் ஒரு மூத்த மாணவி விளக்கியிருக்க முடியும்.

இந்த வட்டாரத்துக்கு இது வெறும் தேர்வுச் செய்தி அன்று. சிவகாசியின் தீப்பெட்டித் தொழில் எப்படிப் பிறந்தது? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று, தெரியாததைத் தெரிந்தவரிடம் கற்றுத் திரும்பியதால் பிறந்தது. கேட்டுக் கற்றதை அன்று எவரும் இழிவென்று சொல்லவில்லை. ஆனால் கற்றறிந்து தொடங்கிய அத்தொழில், சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளின் கல்வியை விழுங்கிற்று. விடியுமுன் பேருந்தில் ஏற்றப்பட்ட சிறுவர் சிறுமியர், பலகை பிடிக்க வேண்டிய விரல்களால் தீக்குச்சி அடுக்கினர். 1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த அரைநாள் கல்வி, பள்ளி போக எஞ்சிய பொழுதில் குலத்தொழில் என்றது. திராவிட இயக்கம் கிளர்ந்தெழுந்து எதிர்க்க, 1954-இல் அத்திட்டம் வீழ்ந்தது. எனினும் வறுமை, அரசாணை எதுவுமின்றியே அதைவிடக் கொடிய முழுநாள் குலத்தொழிலை இங்கே நடத்திக் கொண்டிருந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசியைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் முதலாளி செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இங்குள்ள மக்கள் கைகளில் வேதியியல் புழங்குகிறது. தீக்குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கத்தில் சிவப்புப் பாஸ்பரஸ். சிவப்பு ஒளிக்கு ஸ்ட்ரான்சியம். வெள்ளைப் பொறிக்கு அலுமினியத் தூள். கை அறிந்ததன் காரணத்தை மூளை அறிய வழியில்லாதபோது, உராய்வில் ஒரு பொறி, ஊரெங்கும் ஒப்பாரி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தபோது, மாற்றுக் கலவைக்காகச் சிவகாசி நாகபுரியிலுள்ள ஆய்வு நிறுவனத்தின் முகத்தை நோக்கி நின்றது. மருந்தைத் தொட்டுத் தொட்டுக் கைரேகை கருத்த தாயின் மகள் அந்த ஆய்வைச் செய்யக் கூடாதா? கூடும். அவள் முதலாண்டுக் கணிதத்தைத் தாண்ட வேண்டும், அவ்வளவே.

வழியும் பிறந்திருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், 2022-இல் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. தாலிக்குத் தங்கம் என்ற நிலை போய், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை பயின்ற மாணவிக்குக் கல்லூரிப் படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் என்ற நிலை வந்தது. அது தொடங்கிய நாளும் செப்டம்பர் 5. முதலிப்பட்டி எரிந்து சரியாகப் பத்தாண்டு. 2024-இல் மாணவர்க்கும் அதேபோன்ற திட்டம் வந்தது. பணம் வாயில்வரை அழைத்துச் செல்கிறது. வகுப்பறைக்குள் நிலைநிறுத்தத் துணைப்பயிற்சி வேண்டும். ஒன்று பிடியரிசி, மற்றது பள்ளிக்கூடம். அரிசி மட்டும் சேர்ந்து பள்ளி எழாதிருந்தால் என்ன பயன்?

ஆதலின் இளைஞர்களுக்குச் சில வேண்டுகோள். கல்லூரியில் உள்ளவர்களே, துணைப்பயிற்சித் திட்டம் இருந்தால் முதல் வாரத்திலேயே பெயர் கொடுங்கள். தோற்றபின் போகலாம் என்று காத்திராதீர்கள். நன்கு படிப்பவர்களும் சேருங்கள். உங்கள் வரவால் அந்த 'மக்கு' முத்திரை அழியும். திட்டம் இல்லையேல் கேளுங்கள். தரும்வரை நான்கு பேர் கூடி ஒரு மரத்தடியில் தொடங்குங்கள். மன்றங்கள் நடத்தும் தோழர்களே, பட்டம் முடித்தவர்களை வாரம் ஒரு மாலை நம் படிப்பகத்துக்கு அழைத்து, முதலாண்டுப் பிள்ளைகளோடு அமரச் செய்யுங்கள். நிறுவனங்களை நடத்துவோரே, 'மெல்லக் கற்போர்' என்று பட்டியல் ஒட்டி, இளநெஞ்சில் சூடு வைக்காதீர்கள்.

என் மாணவி சென்ற வாரம் பெயர் கொடுத்துவிட்டாள். தேர்வு முடிவு இனிமேல்தான் வரவேண்டும். அவள் தேறுவாள் என்று சோதிடம் கூற நான் ஆரூடக்காரன் அல்லன். இனி அவள் தனியே தோற்கப் போவதில்லை என்பது மட்டும் உறுதி.

அன்று அந்தத் தாய்மார் கலயத்தில் இட்ட கைப்பிடி அரிசியைப் பிச்சை என்று எந்தப் பிள்ளையும் கருதவில்லை. அது ஊரின் கடன், பிள்ளையின் உரிமை. இன்று நமக்கு நீளும் கையும் அதுவே. பற்றுவோம், ஏறுவோம், ஏறியபின், கீழே நிற்பவர்க்கு நம் கையை நீட்டுவோம்.