மோப்பம் ஒருவனுக்கு, பிடி இன்னொருவனுக்கு

1848-இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்குப் புறப்பட்ட ‘ஏர்ல் ஆஃப் ஹார்ட்விக்’ கப்பலில் ஆட்களோடு மாடும் ஆடும் வேட்டை நாய்களும் ஏறின. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் 27 வயது சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையை உருவாக்குவது அவருடைய கனவு. மலை அதற்கு எளிதில் இணங்கவில்லை. உருளைக்கிழங்கைப் புழு தின்றது. ஓட்ஸ் பயிரை மரையும் காட்டுப்பன்றியும் மேய்ந்தன.

மரை என்று ஈழத்தில் சொல்வதைத்தான் தமிழகத்தில் கடமான், மிளா என்கிறோம். வெள்ளையர்கள் அதற்கு ‘எல்க்’ என்று தவறாகப் பெயர் சூட்டினார்கள். வளர்ந்த ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும். அதைப் பிடிக்க ஒரே வகை நாய் போதாது. காரணம், அந்த நிலம்.

ஸ்காட்லாந்தின் திறந்த மலைச்சரிவில் நாய்க்கு மான் கண்ணில் படும். வேகம் இருந்தால் போதும். நுவரெலியாவிலோ பத்தடிக்கு அப்பால் காடு மறைத்துவிடும். அதனால் பேக்கரின் பட்டியில் வேலை இரண்டாகப் பிரிந்தது. நரிவேட்டை இனத்து நாய்கள் மோப்பம் பிடித்து, விடாமல் குரல் கொடுத்துத் துரத்தும். கிரேஹவுண்ட் கலப்பும் முரட்டு நாய்க் கலப்பும் உள்ளவை பாய்ந்து கவ்வும். வேட்டைக்காரருக்குக் கண்ணைவிடக் காதுதான் துணை. குரல் நகர்ந்துகொண்டே இருந்தால் மரை ஓடுகிறது. ஒரே இடத்தில் நின்று உரத்தால், ஆற்றில் இறங்கி எதிர்த்து நிற்கிறது. பேக்கர் அங்கே ஓடிச் சேர்ந்து, இடுப்பளவு நீரில் கத்தியால் குத்துவார். நாய்கள் மொய்த்திருக்கும் இடத்தில் துப்பாக்கிக்கு வேலையில்லை.

நாய்களும் தப்பவில்லை. கொம்பு கிழித்தது, பன்றியின் தந்தம் குத்தியது, வழிதவறியதைச் சிறுத்தை தூக்கிப் போனது. ஸ்மட், கில்பக், பிரான் என்று அவற்றின் பெயர்களையும் வீரத்தையும் தம் நூலில் அவர் எழுதிவைத்தார். 1855-இல் தீவை விட்டுப் போனார்.

நுவரெலியாவுக்குத் தெற்கே உள்ள ஹோர்ட்டன் சமவெளியில் இன்றும் பேக்கர் பெயரில் ஓர் அருவி விழுகிறது. பின்னாளில் அங்கே நாய்களோடு வேட்டையாடிய தோட்டத்துரை தாமஸ் ஃபார் தங்கிய வேட்டை மாளிகை, இப்போது பயணிகளுக்கான தகவல் மையம். 1988-இல் அந்தச் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. நாய்க் குரல் ஓய்ந்த அந்தப் புல்வெளியில், வண்டிச் சத்தத்துக்குக்கூடத் தலை நிமிர்த்தாமல் மேய்கிறது மரை.

(தொடரும்)