மதிலற்ற வாயில்கள்

பெய்ஜிங் சுரங்க ரயிலின் இரண்டாம் தடத்தில் செல்வோர் சாவ்யாங்மென், ஃபுசெங்மென், சுவான்வூமென் ஆகிய நிலையங்களைக் கடக்கின்றனர். 'மென்' என்றால் வாயில். ஆனால் அவ்விடங்களில் இன்று வாயில் எதுவும் இல்லை. மிங் மன்னர்கள் எழுப்பிய உள்நகர மதில் நின்ற வழியைத்தான் அத்தடம் பெரும்பாலும் பின்பற்றுகிறது.

பழைய பெய்ஜிங்கை ஒரு பெருவீடு எனலாம். 1420இல் கட்டி முடிக்கப்பட்ட அரண்மனைக்கும் 'ஹூதோங்' எனப்படும் சந்துகளின் வீடுகளுக்கும் இலக்கணம் ஒன்றே: சுற்றிலும் சுவர், நடுவே முற்றம், தெற்கு நோக்கிய தலைமைக் கட்டடம். வீட்டில் அவ்விடம் மூத்தோருக்கு, அரண்மனையில் பேரரசருக்கு. கூரையின் பாரத்தை மரத்தூண்களும் உத்திரங்களுமே தாங்கின. சுவர் வெறும் மறைப்பு.

இவ்விலக்கணத்தை ஆராய்ந்து எழுதியவர்களுள் முதன்மையானவர் லியாங் சிச்செங். அமெரிக்காவில் கட்டடக்கலை பயின்று திரும்பிய அவர், மனைவியும் கவிஞருமான லின் ஹுய்யினுடன் 1930களில் ஊர் ஊராகச் சென்று பழங்கட்டடங்களை அளந்து வரைந்தார். வூதாய் மலையிலுள்ள ஃபோகுவாங் கோயில் மண்டபம் 857ஆம் ஆண்டினது என 1937இல் கண்டறிந்தவர்கள் இவர்களே. லியாங் புதுமையின் பகைவர் அல்லர். மரச்சட்டகத்துக்கும் நவீன இரும்பு, கான்கிரீட் சட்டகத்துக்கும் உள்ள உறவை எடுத்துக்காட்டியவர் அவர்.

1950இல் அவரும் நகரத்திட்ட வல்லுநர் சென் சான்சியாங்கும் ஒரு திட்டம் அளித்தனர். புதிய அரசின் அலுவலகங்களைப் பழைய நகருக்கு மேற்கே கட்டலாம், மதிலுக்குள் இருப்பது அப்படியே இருக்கட்டும் என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்கவில்லை. மதிலின் மேற்பரப்பை மக்கள் உலாவும் பூங்காவாக்கலாம் என்ற அவரது யோசனையும் எடுபடவில்லை. 1950களில் தொடங்கிய இடிப்பை, 1965இல் ஆரம்பித்த சுரங்க ரயில் பணி ஏறத்தாழ நிறைவு செய்தது. 1972இல் லியாங் மறைந்தார். அவரும் லின்னும் 1930களில் வாழ்ந்த ஹூதோங் வீடு 2012இல் இடிக்கப்பட்டது.

1957இல் இடித்த யோங்டிங்மென் வாயிலை 2004இல் மீண்டும் கட்டினார்கள். அவ்வாயிலைத் தென்முனையாகக் கொண்ட நகரின் நடுவச்சு 2024இல் உலக மரபுச் சின்னமாயிற்று. நாம் மகிழத்தக்க செய்திதான். எனினும் இருபுறமும் மதிலின்றித் தனித்து நிற்கும் வாயில் எதைக் காக்கிறது, எதைத் திறக்கிறது?

பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த முற்ற வீடுகளில் கழிப்பறைகூடப் பெரும்பாலும் இல்லை என்பதையும் நாம் மறக்கலாகாது. வசதி வேண்டியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. லியாங்கின் திட்டமும் அவர்களுக்கு எதிரானதன்று. பழமைக்கு ஓர் இடம், புதுமைக்கு ஓர் இடம் என்றே அது கேட்டது. 1950இல் அவ்விரண்டுக்கும் நிலம் இருந்தது.