அடையாற்று ஓலைக் குடில்களில் ஓர் ஆசிரியப் பயிற்சி

1939ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னை அடையாற்றின் தென்கரையில் உள்ள பிரம்மஞான சபையின் தோப்புகளுக்கிடையே ஓலைக் குடில்கள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ முந்நூறு பேர் அங்கே மாணாக்கராக வந்து கூடினர். அவருள் முன்பே ஆசிரியத் தொழிலில் இருந்தோரும் உண்டு. மூன்று வயதுக் குழந்தையின் அருகே எவ்வாறு அமர்வது, எப்போது பேசுவது, எப்போது வாளாவிருப்பது என்பதே அவர்கள் கற்க வந்த கல்வி. கற்பிக்க வந்தவரோ 69 வயது நிரம்பிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870 ஆகஸ்டு 31 அன்று இத்தாலியின் சியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தவர். 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907 சனவரி 6 அன்று, உரோமை நகரின் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் திறந்தார். இரண்டே ஆண்டுகளில், 1909இல், ஆசிரியர்க்கான முதற் பயிற்சி வகுப்பும் நடந்தது. முசோலினியின் ஆட்சி முதலில் அவரை ஆதரித்துப் பின்னர்ப் பகைத்தது. பள்ளிகள் மூடப்பட்டன. இசுபெயினில் அடைக்கலம் புகுந்தவரை அங்கே மூண்ட உள்நாட்டுப் போர் நெதர்லாந்துக்குத் துரத்தியது. அந்நிலையில்தான் பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேலும் அவர்தம் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று அவர் சென்னை வந்தார்.

அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். உடன் வந்த மாரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். கேட்டோர் அதனைத் தத்தம் தாய்மொழிக்குக் கொண்டுசென்றனர். மும்மொழி கடந்தும் பொருள் சிதையாது சென்றதற்குக் காரணம், அப்பயிற்சியில் சொல்லினும் செயலே மிகுதி என்பது என் கருத்து.

பயிற்சி பெறுவோர் முதலில் தம் கைகளைப் பழக்க வேண்டும். ஒரு செண்டிமீட்டர் முதல் பத்துச் செண்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்து இளஞ்சிவப்புக் கனசதுரக் கட்டைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குவது எளிய செயல்போல் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டையையும் எவ்வாறு எடுப்பது, எவ்விடத்தில் வைப்பது, எத்துணை மெதுவாகக் கையை விலக்குவது என யாவற்றையும் குழந்தை காணும்படி, பேச்சின்றிச் செய்துகாட்ட வேண்டும். பொருளின் பெயரைக் கற்பிக்கும் பாடம் மூன்று படிகளை உடையது. "இது கரடுமுரடு, இது வழவழப்பு" என்று பெயர் சொல்வது முதற்படி. "கரடுமுரடானதைக் காட்டு" என்பது இரண்டாம் படி. "இது என்ன?" என்பது மூன்றாம் படி. குழந்தை தவறினால் திருத்தலாகாது, கடிதலும் ஆகாது. பாடத்தை அன்று அவ்வளவில் நிறுத்தி, வேறொரு நாள் மீண்டும் தொடங்க வேண்டும். பிரம்பைக் கண்டே வளர்ந்த அக்கால ஆசிரியர்க்கு இது எத்துணை அரிதாக இருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

இவற்றினும் அரியது உற்றுநோக்கல். ஒரு மூலையில் அமர்ந்து, குழந்தைகளின் செயலில் தலையிடாது, கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுத வேண்டும். 'சோம்பேறி', 'முரடன்' என்பன போன்ற தீர்ப்புகளுக்கு அக்குறிப்பில் இடமில்லை.

மணல்தாள் எழுத்துகளைப் பற்றியும் ஒரு சொல். சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டப்பட்ட எழுத்தின் மீது குழந்தை விரலை ஓட்டி, ஒலியைச் சொல்லி, வடிவத்தைக் கையால் உணரும். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதப் பழகிய முறையோடு இதற்குள்ள உறவு வியப்பூட்டுவது. இங்கிருந்து அங்கே சென்றது என்று பெருமை பேச நான் துணியேன். விரலுக்கு நினைவு உண்டு என்பதை இரு நாட்டாரும் தனித்தனியே கண்டனர் எனக் கொள்வதே நேர்மை.

1940 சூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானிய அரசின் பார்வையில் இத்தாலியர் யாவரும் பகைநாட்டார் ஆயினர். மாரியோ தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அம்மையார் அடையாற்று வளாகத்தை விட்டு நீங்காதவாறு கட்டுப்படுத்தப்பட்டார். மாரியோவை உலகம் அதுவரை அவருடைய உறவினராகவும் வளர்ப்பு மைந்தராகவுமே அறிந்திருந்தது. உண்மையில் அவர் திருமணத்திற்கு வெளியே 1898இல் பிறந்த சொந்த மகன். குழந்தைகளுக்காகவே வாழ்ந்த அந்தத் தாய், ஊர்வாய்க்கு அஞ்சித் தன் குழந்தையை வேறிடத்தில் வளரவிட நேர்ந்தது. அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளில் அரசப் பிரதிநிதியிடமிருந்து தந்தி ஒன்று வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அது அறிவித்தது. 'மகன்' என்னும் சொல்லை வெளிப்படையாக முதலில் வழங்கியது ஓர் அரசாங்கத் தந்திதான்!

பின்னர்க் கொடைக்கானலில் தங்கிய காலத்தில், இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்தின அம்மையாரின் துணையோடு ஒரு சிறு பள்ளி நடந்தது. ஆறு வயதைக் கடந்த குழந்தைகளுக்கான கல்வி முறை அங்கேதான் உருப்பெற்று வளர்ந்தது. அகமதாபாத்தில் அம்மையார் ஆற்றிய சொற்பொழிவுகள், குழந்தையின் ஈர்க்கும் மனத்தைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலாகி 1949இல் அடையாற்றிலிருந்தே வெளிவந்தன. அகமதாபாத் நகரம் இக்கல்வி முறைக்குப் புதியதன்று. அங்குள்ள சமண வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த அம்பாலால் சாராபாயின் துணைவியார் சரளாதேவி, தம் எட்டு மக்களுக்காக வீட்டிலேயே மாண்டிசோரி நெறியில் ஒரு பள்ளி அமைத்திருந்தார். விண்வெளி அறிஞர் விக்கிரம் சாராபாய் இளமையில் பயின்றது அங்கேதான்.

1949இல் அம்மையார் இந்தியாவை விட்டு நீங்கினார். 1952 மே 6 அன்று நெதர்லாந்தில் காலமானார். பயிற்சியை இங்கே தொடரும் பொறுப்பு அவருடைய மாணவர் யோஸ்டனிடம் வந்தது. அவர் பல்லாண்டுகள் இந்நாட்டிலேயே தங்கி வகுப்புகளை நடத்தினார். பயிற்சியைக் காட்டிலும் பெயரே விரைவாகப் பரவியது என்பது வேறு கதை. இன்று சிற்றூர்களிலும் 'மாண்டிசோரி' என்னும் பெயர்ப்பலகை தொங்குகிறது. உள்ளே மூன்று வயதுக் குழந்தை கைகட்டி அமர்ந்திருக்கிறது. கட்டடத்திற்கு நன்கொடை திரட்டும் நம்மவர், ஓர் ஆசிரியையைப் பயிற்சிக்கு அனுப்பும் செலவையும் அக்கணக்கில் சேர்க்கலாகாதா என எனக்கு அடிக்கடி தோன்றும்.

பயிற்சி முடிப்போர் ஒவ்வொரு கருவியையும் குழந்தைக்கு அறிமுகம் செய்யும் முறையைத் தம் கையாலேயே எழுதி, படம் வரைந்து, ஏடாகத் தொகுக்க வேண்டும் என்பது இன்றும் தொடரும் வழக்கம். அதனை ஆல்பம் என்பர். அப்பயிற்சி பெற்ற ஆசிரியையின் வீட்டுக்குச் சென்றால் அதனைக் கேட்டுப் பாருங்கள். பழுப்பேறிய பின்னும் அதனை அவர்கள் எறிவதில்லை.