அரியணை முதல் அலுவலக நாற்காலி வரை

மனிதன் நிமிர்ந்து நிற்கக் கற்றதைப் பெருஞ்சாதனை என்று போற்றுகின்றோம். அவன் வசதியாக உட்காரக் கற்றது எப்போது என்று எவரும் வினவுவதில்லை. ஆயினும் உட்காருவதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அரசர் உண்டு, அறிஞர் உண்டு, மருத்துவர் உண்டு, பெயர் தெரியாத எண்ணற்ற எழுத்தர்களும் உண்டு. அலுவலக நாற்காலி என்னும் எளிய பொருளை முன்னிறுத்தி அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகின்றேன்.

நாற்காலி என்னும் சொல்லைப் பாருங்கள். நான்கு கால் உடையது நாற்காலி. மூன்று கால் உடையது முக்காலி. கால்களை எண்ணிப் பெயர் வைத்த நம் முன்னோர், அதில் அமர்வோரின் முதுகைப் பற்றி அதிகம் கவலைப்பட்டதாகத் தோன்றவில்லை. கவலைப்பட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. திண்ணையும் பாயும் மணைப்பலகையும் போதுமானவையாய் இருந்தன. கடைக் கணக்கர் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, சாய்வான மேற்பலகை கொண்ட கணக்குப் பெட்டியை முன்னே வைத்து எழுதினார். கால் மரத்தால் நீட்டினார். முதுகு வலித்தால் தூணில் சாய்ந்தார். எட்டு மணி நேரம் ஒரே இருக்கையில் மனிதனைக் கட்டிப்போடும் வழக்கம் பின்னால் வந்தது.

இந்த வரலாற்றை மூன்று வினாக்களாகப் பகுத்துக் காணலாம். யார் உட்காரலாம்? எவ்வாறு உட்கார வேண்டும்? எவ்வளவு நேரம் உட்காரலாம்?

முதல் வினாவைத்தான் பழங்காலம் கேட்டது. 1922-ஆம் ஆண்டு ஹோவர்ட் கார்ட்டர் எகிப்து நாட்டில் டூட்டன்காமன் என்னும் இளம் மன்னனின் கல்லறையைக் கண்டுபிடித்தார். அங்கே பொன் தகடு போர்த்திய அரியணை ஒன்று கிடைத்தது. அதன் கால்கள் சிங்கத்தின் கால்களைப் போல் அமைந்திருந்தன. அதே கல்லறையில் கால் வைக்கும் மணைகளும் கிடைத்தன. மன்னனின் பகைவர்கள் கைகள் கட்டுண்டு கிடக்கும் காட்சி ஒன்றில் தீட்டப்பட்டிருந்தது. மன்னன் அமரும்போதெல்லாம் அவன் பாதம் பகைவர் மேல் படிய வேண்டும் என்பது கருத்து. ஆசனம் அங்கே ஓய்வுக்காக அன்று, ஆட்சிக்காக அமைந்தது. ஆனால் அதே கல்லறையில், மன்னன் சிறுவனாய் இருந்தபோது அமர்ந்த கருங்காலி நாற்காலி ஒன்றும் இருந்தது. அது சிறுவனின் உடலுக்கு ஏற்றவாறு சிறியதாகச் செய்யப்பட்டிருந்தது. உடலுக்குத் தக்க இருக்கை வேண்டும் என்பதை அந்தத் தச்சன் 3,300 ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தான். ஆனால் அவன் அறிவு அரசகுமாரனுக்கு மட்டுமே பயன்பட்டது.

கிரேக்கர் இதனினும் ஒரு படி முன்னேறினர். கிளிஸ்மாஸ் என்னும் அவர்களுடைய நாற்காலியின் முதுகுப்புறம் அமர்வோரின் முதுகைத் தழுவுமாறு வளைந்திருந்தது. மட்கலங்களின் மேல் தீட்டிய ஓவியங்களிலும் கல்லறைச் சிற்பங்களிலும் அதனைக் காண்கின்றோம். இருக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லாகிய கதெட்ரா, பிற்காலத்தில் கிறித்தவப் பேராயரின் ஆசனத்தைக் குறித்து, அவ்வாசனம் இருக்கும் பெருங்கோயிலுக்கே பெயராயிற்று. ஆங்கிலத்தில் அவைத்தலைவரைக் குறிக்கும் சொல்லுக்கு நாற்காலிக்குரியவர் என்றே பொருள். நாமும் பதவியாசையை நாற்காலி ஆசை என்றுதானே சொல்லுகின்றோம்! நாற்காலி அதிகாரத்தின் அடையாளமாக நின்ற காலத்தின் எச்சங்கள் இவை.

வேலை செய்வதற்கென்று நாற்காலியைத் திருத்தி அமைக்கும் எண்ணம் படிப்பாளிகளிடம் அரும்பியது. அமெரிக்க விடுதலைச் சாசனத்தை 1776-இல் எழுதிய தாமஸ் ஜெபர்சன் சுழலும் நாற்காலி ஒன்றை வைத்திருந்தார். அவருடைய அரசியல் எதிரிகள் அதனைக் கூட எள்ளி நகையாடினர். இங்கிலாந்தில் டார்வின் தம் டவுன் இல்லத்துப் படிப்பறையில் நாற்காலிக் கால்களில் உருளைகளைப் பொருத்திக்கொண்டார். ஒரு மாதிரியிலிருந்து மற்றொரு மாதிரிக்கு எழுந்து நடவாமல் உருண்டு செல்வதற்கே இந்த ஏற்பாடு. 1849-இல் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த தாமஸ் வாரன் என்பவர், சுழல்வதும் உருள்வதும் சுருள்வில்லின் மேல் அசைந்து கொடுப்பதுமான இரும்பு நாற்காலியை அமைத்தார். 1851-இல் இலண்டன் மாநகரில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் அது வைக்கப்பட்டது. இன்றைய அலுவலக நாற்காலியின் பாட்டன் என்று அதனைச் சொல்லலாம்.

ஆனால் எழுத்தர்களுக்கு என்ன கிடைத்தது? இலண்டன் வணிக மனைகளில் அவர்கள் உயர்ந்த சாய்வு மேசைகளின் முன், முதுகுச் சாய்வில்லாத உயர்ந்த முக்காலிகளின் மேல் அமர்ந்து பேரேடுகளை எழுதினர். 1874-இல் தட்டெழுத்துப் பொறி அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன்பின் அலுவலகங்கள் பெருகின. பெண்கள் பெருந்தொகையினராய் அலுவலகம் புகுந்தனர். பொறி திருந்திய வேகத்தில் அதன் முன்னிருந்த இருக்கை திருந்தவில்லை. மேலாளருக்குத் தோல் போர்த்திய கைச்சாய்வு நாற்காலி. தட்டெழுத்தாளருக்குக் கைப்பிடி இல்லாத சிறு இருக்கை. வேலை மிகுந்தவருக்கு வசதி குறைவு. வசதி மிகுந்தவருக்கு உட்காரும் நேரம் குறைவு. இந்த முரண்பாட்டை வரலாறு நெடுநாள் பொறுத்துக்கொண்டது.

புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட் 1930-களில் ஜான்சன் நிறுவனத்தின் அலுவலகத்துக்காக மூன்று கால் நாற்காலி ஒன்றை அமைத்தார். பார்வைக்கு அழகியது, ஆனால் இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நேராக அமராவிட்டால் கவிழ்த்துவிடும். நிறுவனத்தின் தலைவர் ரைட்டையே அதில் அமரச் சொன்னார் என்றும், அவரும் கீழே விழுந்தார் என்றும், பின்னரே நான்காவது கால் சேர்ந்தது என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எப்படியாயினும் அது தரும் பாடம் தெளிவானது. மனிதன் நாற்காலிக்குப் பணிய வேண்டுவதில்லை. நாற்காலிதான் மனிதனுக்குப் பணிய வேண்டும்.

இனி, எவ்வாறு உட்கார வேண்டும் என்னும் இரண்டாம் வினாவுக்கு வருவோம். இதனைக் கேட்டவர்கள் மருத்துவர்கள். இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-இல் ஓர் அரிய நூலை வெளியிட்டார். 1713-இல் வந்த பதிப்பில் எழுத்தர்களின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் கூறினார்: இடைவிடாது உட்காருதல், கை ஒரே வகையில் ஓயாது அசைதல், மனம் சோர்தல். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. இறகுப் பேனா போய்க் கணிப்பொறி வந்தது. காரணங்கள் மட்டும் மாறவில்லை.

1884-இல் ஜெர்மானிய மருத்துவர் பிரான்ஸ் ஸ்டாபெல், பள்ளிப் பிள்ளைகள் கூனிக் குறுகி அமர்வதைக் கண்டு, நாற்காலியின் சாய்வு இடுப்புக்கு மேலுள்ள உள்வளைவைத் தாங்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இக்காலத்தில் இடுப்புத் தாங்கி என்று விற்பனையாளர் பெருமையோடு காட்டுவது பள்ளி மாணவர்க்காகப் பிறந்த எண்ணம் என்பதை நீங்கள் நினைவிற் கொள்ளலாம். 1948-இல் சுவீடன் நாட்டு மருத்துவர் ஓகெர்ப்ளோம் நிற்றலையும் இருத்தலையும் ஆராய்ந்து நூல் எழுதினார். 1953-இல் அமெரிக்க மருத்துவர் கீகன், எக்ஸ்ரே படங்களின் துணையால், தொடையும் உடலும் நேர்கோணமாய் மடியும்போது முதுகின் இயற்கை வளைவு குலைகின்றது என்று காட்டினார்.

1960-களில் சுவீடன் அறிஞர் நாக்கெம்சன் முதுகெலும்புகளின் இடையிலுள்ள மெத்தை போன்ற தட்டுகளில் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போதுள்ள அழுத்தத்தை 100 எனக் கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25. சாயாமல் நிமிர்ந்து உட்காரும்போது 140. உட்கார்ந்தவாறு முன்னே குனியும்போது 185 என்பது அவர் ஆராய்ச்சியால் வழங்கிவரும் கணக்கு. 1999-இல் ஜெர்மனியில் நிகழ்ந்த அளவீடு, நிற்பதற்கும் இருப்பதற்கும் இடையே அத்துணை வேறுபாடு காணவில்லை. ஆயினும் குனிந்தால் அழுத்தம் கூடும், பின்னே சாய்ந்தால் குறையும் என்பதில் இரண்டும் ஒத்தன. விறைத்து நிமிர்ந்து உட்கார் என்று மாணவரை அதட்டும் பெரியோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் ஒரு பொதுப்பெயர் உண்டு. போலந்து அறிஞர் யஸ்ட்செம்போவ்ஸ்கி 1857-இல், வேலை என்று பொருள்படும் எர்கோன் என்னும் கிரேக்கச் சொல்லையும் நெறி என்று பொருள்படும் நோமோஸ் என்னும் சொல்லையும் இணைத்து எர்கனாமிக்ஸ் என்னும் சொற்பொருளை உருவாக்கினார். உலகம் அதனை மறந்துவிட்டது. 1949-இல் இங்கிலாந்தில் மரெல் என்பவர் அதே சொல்லைத் தனியே படைத்து வழங்கினார். தமிழில் அதனைப் பணிச்சூழலியல் என்கின்றோம். கருவியை மனிதனுக்குப் பொருத்துவதே அதன் உயிர்க்கொள்கை.

இக்கொள்கையின்படி நாற்காலி விரைவாய் மாறியது. 1976-இல் அமெரிக்காவில் பில் ஸ்டம்ப் அமைத்த எர்கோன் நாற்காலி வந்தது. 1994-இல் அவரும் டான் சாட்விக்கும் அமைத்த ஏரான் நாற்காலி, பஞ்சுக்கு மாறாகக் காற்றோடும் வலையைக் கொண்டிருந்தது. சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவுகளிலும் கிடைத்தது. சுழல் நாற்காலியின் அடிப்பகுதியில் நான்கு கிளைகளுக்கு மாறாக ஐந்து கிளைகள் அமைந்தன. நான்கு கிளைகளாயின் இரண்டுக்கு இடையே சாய்பவர் எளிதில் கவிழ்வார்; ஐந்தாயின் அந்த இடைவெளி குறுகும். இவ்வாறு நம் நாற்காலி உண்மையில் ஐங்காலி ஆகிவிட்டது!

ஆனால் யாருடைய உடலை அளந்து இவை செய்யப்பட்டன? மேலைநாட்டாரின் கால் நீளத்துக்கு அமைந்த இருக்கையில் குட்டையான ஒருவர் அமர்ந்தால், பாதம் தரையைத் தொடாது. தொடையின் அடிப்பக்கம் நசுங்கும். முதுகு சாய்வை எட்டாது. இக்குறையை உணர்ந்த அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இல் இந்தியரின் உடலளவுகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. நம்மை நாம் அளந்துகொள்வதும் ஒரு விடுதலையே.

நீங்கள் நாளை ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், விலையைக் கேட்குமுன் அதில் அமர்ந்து பாருங்கள். இரு பாதங்களும் தரையில் முழுதும் படிய வேண்டும். படியாவிட்டால் உயரத்தைத் தாழ்த்துங்கள், அல்லது மன்னன் டூட்டன்காமனைப் போல் ஒரு கால்மணை வையுங்கள். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய இடம் வேண்டும். சாய்வு இடுப்பின் உள்வளைவைத் தாங்க வேண்டும். கைப்பிடிகள் தோளை உயர்த்தவும் கூடாது. மேசையில் முட்டி உங்களைத் தொலைவில் நிறுத்தவும் கூடாது. உடல் அசையும்போது நாற்காலியும் இசைந்து அசைய வேண்டும். இவை பொருந்தினால் எளிய நாற்காலியும் நல்லதே. பொருந்தாவிட்டால் பொன் ஆசனமும் துன்பமே.

மூன்றாம் வினா எஞ்சியுள்ளது. எவ்வளவு நேரம் உட்காரலாம்? 1953-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜெரி மாரிஸ், இலண்டன் மாடிப் பேருந்துகளின் ஊழியரைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார். நாள் முழுதும் அமர்ந்து வண்டி ஓட்டியவர்களைவிட, படிகளில் ஏறியிறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாய் இருந்தது. மிகச் சிறந்த நாற்காலியும் அடிக்கடி விட்டு எழ வேண்டிய நாற்காலியே. படிக்கும் மாணவர்க்கும் இது பொருந்தும். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடப்பது சோம்பல் அன்று.

உட்காரவே வழியில்லாதவர்களை மறந்து இப்பேச்சை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. துணிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடைவைகளை விரித்துக் காட்டும் பெண்களை நான் பல முறை பார்த்திருக்கின்றேன். வாங்க வருவோர்க்கு இருக்கை உண்டு, விற்பவர்க்கு இல்லை. இங்கிலாந்தில் 1899-இல் இயற்றப்பட்ட சட்டம், கடையில் பணிபுரியும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையேனும் வேண்டும் என்றது. கேரளம் 2018-இல் கடை ஊழியர்க்கு இருக்கை உரிமை அளித்தது. தமிழ்நாடு 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவர்க்கும் இருக்கை வசதி அளிக்க வேண்டும் என்று விதித்தது. இச்சட்டத்தின் பயன் கடைக்குக் கடை எவ்வளவு நிறைவேறுகின்றது என்பதைக் கண்ணுள்ளோர் யாவரும் கவனிக்கலாம், கவனிக்கவும் வேண்டும்.

யார் உட்காரலாம் என்று அரசர் காலம் கேட்ட வினா இன்னும் முழுதும் தீர்ந்துவிடவில்லை. நாற்காலி ஒருவனுடைய பெருமையைத் தாங்கிய காலம் நீண்டது. அது உழைப்பவரின் முதுகைத் தாங்கத் தொடங்கிய காலம் குறுகியது. அக்காலத்தை நீட்டும் கடமை இன்று பயிலும் உங்களைச் சார்ந்தது. நாளை நீங்கள் பொறியாளராகலாம், மருத்துவராகலாம், கடை உரிமையாளராகலாம். அப்போது உங்கள் நாற்காலி எவ்வளவு உயர்ந்தது என்று பாராதீர்கள். உங்களிடம் வேலை செய்வோர்க்கு நல்ல நாற்காலி இருக்கின்றதா என்று பாருங்கள்.