செத்துப் பிழைத்த கார்கள்

சாலை விபத்தில் ஒரு கார் நொறுங்கிவிடுகிறது. காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கிறார். பழுதுபார்க்கும் செலவு காரின் சந்தை விலையையே எட்டிவிடும் என்று கணக்குப் போட்டு, 'முழு இழப்பு' என எழுதிக் கொடுக்கிறார். உரிமையாளருக்கு இழப்பீடு கிடைக்கிறது. அவரைப் பொறுத்தவரை கதை முடிந்தது. ஆனால், அந்தக் காரின் கதை முடிந்ததா நேயர்களே?

இல்லை. அது ஏலத்திற்குப் போகிறது. ஒருவர் இரும்புக்காக வாங்குவார். இன்னொருவர் இயந்திரம், கியர்பெட்டி, கதவு, விளக்கு என்று உதிரிப் பாகங்களுக்காக வாங்குவார். மூன்றாமவர் பட்டறையில் தட்டிச் சாயம் பூசி மீண்டும் சாலைக்குக் கொண்டு வருவார். இந்த மூன்றும் முறையான தொழில்கள்தாம். பழைய உதிரிப் பாகத்தால் ஏழைக் குடும்பத்தின் கார் குறைந்த செலவில் ஓடுகிறது. குப்பையும் குறைகிறது. ஆபத்து நான்காவது ஆளிடம்தான் இருக்கிறது. அவனுக்குத் தேவை காரே அல்ல. அதன் எண்ணும் பத்திரமும்தான்!

இந்த நான்காவது ஆளோடு நெடுங்காலம் போராடிய நாடு பிரிட்டன். திருடிய காருக்கு நொறுங்கிய காரின் அடையாளத்தைச் சூட்டி விற்பது அங்கே ஒரு தொழிலாகவே நடந்தது. ஒரு காரின் முன்பாதியையும் இன்னொரு காரின் பின்பாதியையும் ஒட்டவைத்து 'முழுக் கார்' என்று விற்றவர்களும் உண்டு. மறுபடி மோதினால் அந்த ஒட்டு தாங்குமா? உள்ளே இருக்கும் பிள்ளைகளின் கதி என்ன?

இதைத் தடுக்கக் காப்புறுதித் துறை ஒரு நடைமுறையை வகுத்தது. நொறுங்கிய கார்கள் ஏ, பி, சி, டி என நான்கு பிரிவுகளாக்கப்பட்டன. ஏ பிரிவுக் கார் முழுமையாக நசுக்கப்பட வேண்டும். ஓர் ஆணியைக்கூட எடுத்து விற்கக்கூடாது. பி பிரிவில் உதிரிப் பாகங்களை எடுக்கலாம். ஆனால் உடற்கூடு நசுக்கப்பட வேண்டும். சி, டி பிரிவுக் கார்களைப் பழுதுபார்த்து மீண்டும் ஓட்டலாம். பழுதுச் செலவு காரின் விலையை மிஞ்சினால் சி. மிஞ்சாவிட்டாலும் நிறுவனம் பழுதுபார்க்க விரும்பாவிட்டால் டி.

சட்டமும் துணைக்கு வந்தது. 2001-ஆம் ஆண்டின் வாகனக் குற்றச் சட்டம், நொறுங்கிய வாகனங்களை வாங்கிப் பிரிப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும், கணக்கு வைத்திருக்க வேண்டும் என்றது. 2003 ஏப்ரலில் வாகன அடையாளச் சோதனை தொடங்கியது. சி பிரிவுக் கார் மீண்டும் சாலைக்கு வர வேண்டுமானால், 41 பவுன் கட்டணம் செலுத்தி, 'இது அதே கார்தான்' என்று மெய்ப்பித்த பிறகே புதிய பதிவுப் பத்திரம் கிடைக்கும்.

பலன் என்ன? 7 லட்சத்து 17 ஆயிரம் சோதனைகளில் உறுதியாகப் பிடிபட்ட போலிகள் வெறும் 38! 2015 அக்டோபரில் அரசாங்கம் அத்திட்டத்தையே கைவிட்டது. சோதனைக்குப் பயந்து திருடர்கள் விலகிப் போயிருக்கலாம் என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் முக்கியமான குறை வேறு. அந்தச் சோதனை காரின் அடையாளத்தைத்தான் பார்த்தது. பழுது ஒழுங்காகப் பார்க்கப்பட்டதா என்று பார்க்கவே இல்லை. டி பிரிவுக் கார்களோ சோதனைக்கே வரவில்லை.

பிரிவுகளிலும் அதே கோளாறு இருந்தது. சி, டி என்ற எழுத்துகள் சொன்னது பணக் கணக்கை; ஆபத்தை அல்ல. பத்தாண்டு பழைய காரில் கதவும் விளக்கும் போனாலே செலவு அதன் விலையை மிஞ்சிவிடும், அது சி. விலையுயர்ந்த புதிய காரின் அடிச்சட்டமே வளைந்திருந்தாலும் செலவு விலையை எட்டாது, அது டி. வாங்குபவரோ, சி-யைவிட டி நல்லது என்று நம்பினார்! காற்றுப்பைகளும் மின்னணுக் கருவிகளும் பெருகப் பெருக, செலவுக்கும் சேதத்துக்கும் இருந்த தொடர்பு இன்னும் அறுந்தது.

இதை உணர்ந்துதான் 2017 அக்டோபர் முதல் தேதி சி, டி நீக்கப்பட்டு எஸ், என் என்ற பிரிவுகள் வந்தன. எஸ் என்றால் காரின் கட்டமைப்பே சேதமுற்றது. என் என்றால் கட்டமைப்புக்குச் சேதமில்லை. கேள்வி மாறிவிட்டது. 'எவ்வளவு செலவாகும்?' என்று கேட்ட இடத்தில், 'எலும்பு முறிந்ததா?' என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இந்த வரலாறு நமக்கு எதற்கு? ஜப்பானிலிருந்து வரும் 'ஹாஃப் கட்' முன்பாதிகளும், பழைய உதிரிப் பாகக் கடைகளும் மலேசியர்களுக்குப் புதியவை அல்ல. 2021 டிசம்பரில் ஷா ஆலாமை வெள்ளம் சூழ்ந்தபோது எத்தனையோ கார்கள் நீரில் மூழ்கின. வழக்கமான முழுமைக் காப்புறுதி வெள்ளத்தை உள்ளடக்காது. தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பலர் அன்றுதான் அறிந்தார்கள். மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்றால் வெளித்தோற்றத்தில் தெரியுமா? அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் சரியாக இருப்பது அது திருட்டுக் கார் அல்ல என்பதற்கு ஆதாரம் ஆகலாம். அது நலமான கார் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

எனவே பழைய கார் வாங்கப் போகும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். காப்புறுதி இழப்பீடு கோரப்பட்டதா என்று கேளுங்கள். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துச் சென்று காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கம்பளத்தைத் தூக்கி, துருவும் சேறும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு என்று வாங்கும் காரில்தான் நம் பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள்.